எம்.எஸ். வருத்தமும் எங்கட வெயிலும்: சாப்பாடு, நடை, ஓய்வு பற்றி ஆராய்ச்சி உண்மையில என்ன சொல்லுது?

கொக்குவில் தமக்கை:

எல்லாருக்கும் வணக்கம். என்ரை தங்கச்சிக்கு 29 வயசு. பள்ளிக்கூட ரீச்சர். முதலில ஒரு கண் மங்கினது, கண்ணை அசைக்க நோ. பிறகு எம்.ஆர்.ஐ., முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் முடிஞ்சு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின்ர உறையைத் தாக்கிற வருத்தம் எண்டு இந்த வருசம் உறுதியாச்சு. டொக்டர் மருந்து தொடங்கிட்டார். அதை விடாமல் எடுக்கிறா. என்ரை கேள்வி மருந்தைப் பற்றியில்லை, வீட்டைப் பற்றி.

அம்மா அவவை ஒரு பாத்திரம் கழுவக்கூட விடுறா இல்லை. கனடாவில இருக்கிற பெரியம்மா பாலையும் கோதுமை மாவையும் அடியோட நிப்பாட்டச் சொல்லுறா. பக்கத்து வீட்டு மாமி எதிர்ப்புச் சக்தி கூட்டுற லேகியம் எண்டு ஒரு போத்தல் கொண்டந்து தந்திட்டுப் போயிருக்கிறா. எல்லாரும் பாசத்தில சொல்லுகினம், அது விளங்குது. ஆனா ஒருவர் சொல்லுறது மற்றவர் சொல்லுறதுக்கு நேர் எதிர்.

மற்றது, பள்ளிக்கூடம் விட்டு மத்தியான வெயிலுக்குள்ள ஸ்கூட்டியில வந்து இறங்கேக்க அவவுக்குப் பழைய கண் திரும்ப மங்குது, வலது கால் இழுபடுது. பின்னேரம் சரியாயிடுது. ஒவ்வொரு நாளும் தனக்கு வருத்தம் கூடிக்கொண்டு போகுதெண்டு அழுகிறா. அறிஞ்ச ஆக்கள் ஆராயப்பட்ட விசயத்தை மட்டும் சொல்லுங்கோ.

பனங்கூடல்:

தங்கச்சி, நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பு வருத்தக்காரரோட கன காலம் வேலை செய்யிறன். முதல்ல அந்த மத்தியான விசயத்தைச் சொல்லுறன், ஏனெண்டா அழுகை அதாலதான்.

வெக்கையில பழைய குறிகள் திரும்பத் தலைகாட்டுறதை ஊத்தொவ் தோற்றப்பாடு எண்டு சொல்லுறது. வில்ஹெல்ம் ஊத்தொவ் எண்ட ஜெர்மன் கண் வைத்தியர் 1890இல எழுதி வைச்சவர். உடம்பை வருத்தி வேலை செய்தாப் பிறகு நோயாளரின்ர பார்வை கொஞ்ச நேரத்துக்கு மங்கிறதை அவர் கவனிச்சார். நரம்பைச் சுத்தியிருக்கிற மயலின் உறை சேதப்பட்ட இடத்தில செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகும். உடம்புச் சூடு அரைப் பாகை கூடினாலே அந்த இடத்தில செய்தி நிண்டுபோகலாம். உடம்பு குளிர்ந்தா திரும்ப ஓடும். புதுசா ஒரு சேதமும் நடக்கிறதில்லை. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில சுடுதண்ணித் தொட்டியில இருத்திப் பார்த்து இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற வழக்கமே இருந்தது.

புது தாக்கம் எண்டா வேற மாதிரி. புதுக் குறியோ, பழைய குறி மோசமாகிறதோ, 24 மணித்தியாலத்துக்கு மேல விடாமல் நிக்கும். காய்ச்சல், சலக்கடுப்பு மாதிரித் தொற்று ஒண்டும் இருக்காது. அப்பிடியெண்டா உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேணும். பின்னேரம் சரியாகிறது அந்த வகை இல்லை. இதை அவவுக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. ஆனா கண் மங்கிற நேரத்தில ஸ்கூட்டி ஓடக் கூடாது. மத்தியானத்துக்கு ஓட்டோவோ வேற ஆளோ ஒழுங்கு செய்யுங்கோ.

வல்லைவெளி:

எனக்கும் இந்த வருத்தம்தான், தங்கச்சி. வடமராட்சிப் பக்கம். கன வருசமாச்சு. எனக்கு வந்த காலத்தில எல்லாரும் சொன்னது ஒண்டுதான்: "களைக்கப் படாது, படுத்திரு." ஊரில மட்டுமில்லை, உலகம் முழுக்க வைத்தியருமே அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு வந்தவை. வெக்கை கூடினா குறி கூடுது, உடற்பயிற்சி வெக்கையைக் கூட்டுது, ஆகவே உடற்பயிற்சி கூடாது எண்டு ஒரு கணக்கு. படுத்திருந்த காலத்தில என்ரை தொடை மெலிஞ்சதுக்கு மயலின் காரணமில்லை, கட்டில்தான் காரணம்.

இப்ப விடியப்புறம் எழும்பிக் கிணத்தடியில நாலு வாளி அள்ளி வாத்திட்டு, ஈரத் துவாயைக் கழுத்தில போட்டுக்கொண்டு நடக்கிறன். வெயில் ஏறுறதுக்கு முன்னம் வீட்டுக்கு வந்திடுவன். சித்திரை, வைகாசியில காத்தும் இல்லாமல் புழுங்கிற நாளில வெளியில போறதில்லை, வீட்டுக்குள்ள ஃபானுக்குக் கீழ கதிரையில இருந்து எழும்பி இருக்கிற பயிற்சிதான். அம்மாட்டைச் சொல்லுங்கோ, பிள்ளை பாத்திரம் கழுவட்டும்.

வாசிகசாலை:

வல்லைவெளி அண்ணை சொன்ன பழைய கணக்கு உடைஞ்சது 1996இல. அமெரிக்காவில யூட்டா பல்கலைக்கழகத்தில பெட்டஜன் எண்டவரும் கூட்டாளிகளும் எம்.எஸ். உள்ள ஆக்களை இரண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு 15 கிழமை ஏரோபிக் பயிற்சி குடுத்துப் பார்த்தவை. பயிற்சி செய்த குழுவுக்கு உடற்தகுதி, பலம், மனநிலை எல்லாம் முன்னேறினது. அதுக்குப் பிறகு கனக்க ஆய்வுகள். 2015இல கொக்ரேன் அமைப்பு அதுகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி களைப்பைக் குறைக்குது, புதுத் தாக்கத்தைக் கூட்டுறதா அடையாளம் இல்லை எண்டு எழுதினது.

பக்கத்தில வைச்சுப் பார்க்க இன்னொரு விசயம். எம்.எஸ். களைப்புக்கு வழமையா எழுதுற மூண்டு மருந்து, அமன்டடின், மொடஃபினில், மெதில்ஃபெனிடேட். இதுகளை மருந்து இல்லாத வெறும் குளிசையோட ஒப்பிட்டு 141 பேரிலை செய்த ஆய்வு 2021இல த லான்செட் நியூரோலஜியில வந்தது. மூண்டில ஒண்டும் வெறும் குளிசையைவிட மேலா நிக்கயில்லை. எண்டபடியா களைப்புக்கு நடை எண்டுறது வீட்டு ஆக்கள் ஆறுதலுக்குச் சொல்லுற கதை இல்லை.

எங்கட ஊருக்கெண்டே செய்த மாதிரி ஒரு ஆய்வும் இருக்கு. சிட்னிப் பல்கலைக்கழகத்தில, 2018. வெக்கை தாங்காத எம்.எஸ். நோயாளரை 30 பாகை வெக்கை உள்ள அறையில சைக்கிள் மிதிக்க விட்டவை. ஒரு தரம் 15 நிமிசத்துக்கு ஒருக்கா ஐஸ் குளிரில தண்ணி, இன்னொரு தரம் உடம்புச் சூட்டுத் தண்ணி. குளிர்தண்ணி குடிச்ச நாளில கிட்டத்தட்ட 30 வீதம் கூட நேரம் மிதிச்சிருக்கினம். உள்ளுடம்புச் சூட்டில பெரிய வித்தியாசம் இல்லாமலே. எங்கட வீடுகளில குளிர்தண்ணி குடிச்சா சளி பிடிக்கும் எண்டு பிள்ளையளைத் தடுக்கிறது வழக்கம். உங்கட தங்கச்சிக்கு அந்தத் தடையை எடுத்துவிடுங்கோ. பள்ளிக்கூடத்துக்குப் பிளாஸ்கில ஐஸ்தண்ணி போகட்டும்.

பனங்கூடல்:

தண்ணியைப் பற்றிச் சொன்னது நல்லது. கிளினிக்குக்கு வாற பொம்பிளையளில கனபேர், அவசரமாச் சலம் வருமெண்ட பயத்தில, வெளியில வெளிக்கிட முன்னம் தண்ணியே குடிக்கிறதில்லை. பள்ளிக்கூடத்திலயோ பஸ்ஸிலயோ கழிப்பறை வசதி இல்லாததால. சலம் தடிக்க, தொற்று வரும். தொற்றில காய்ச்சல் வரும். காய்ச்சலில எல்லாக் குறியும் ஒண்டாக் கிளம்பும். மாரியில டெங்கு வந்தாலும் இதே கதைதான். ரீச்சருக்கு அப்பிடி ஒரு சிக்கல் இருந்தா வெக்கப்படாமல் டொக்டரிட்டச் சொல்லச் சொல்லுங்கோ, அதுக்கு மருந்து இருக்கு.

லண்டன் கரவெட்டியான்:

நான் கொஞ்சம் மாறிச் சொல்லப்போறன். என்ரை மனுசிக்கு இங்க எம்.எஸ்., நாங்கள் ஜெலினெக்கின்ர முறையைப் பின்பற்றுறம். அவர் ஒஸ்ரேலியாவில அவசரசிகிச்சைப் பேராசிரியர், 1999இல அவருக்கே எம்.எஸ். வந்தது. இறைச்சி, பால் இல்லை. மீன், மரக்கறி, ஆளிவிதை எண்ணெய், தியானம், வெயில், உடற்பயிற்சி. அவரின்ர குழு 2012இல தொடங்கின ஹோலிசம் எண்ட ஆய்வில 57 நாட்டிலயிருந்து 2,400க்கு மேற்பட்ட ஆக்கள் பதில் குடுத்தவை. நல்ல சாப்பாடும் உடற்பயிற்சியும் உள்ளவைக்கு வாழ்க்கைத்தரம் மேலா இருந்திருக்கு, மனச்சோர்வும் களைப்பும் குறைவு. மனுசி இப்ப வேலைக்குப் போறா. சாப்பாட்டில ஒண்டும் இல்லையெண்டு ஆரும் சொன்னா என்னாலை ஏற்க ஏலாது.

வாசிகசாலை:

அண்ணை, அக்கா நல்லா இருக்கிறது சந்தோசம். சாப்பாட்டில ஒண்டும் இல்லையெண்டு நான் சொல்ல வரயில்லை. ஹோலிசம் பெறுமதியான வேலை. நோயாளர் என்னத்தைச் சாப்பிடுகினம், என்னண்டு இருக்கினம் எண்டு அந்த அளவில போய்க் கேட்டவை குறைவு. ஆனா அது கேட்டுப் பதிஞ்ச ஆய்வு. இணையத்தில தாங்களாத் தேடி வந்து பதில் எழுதின ஆக்கள். நல்லா நடக்கக்கூடியவை உடற்பயிற்சி செய்யிறது லேசு, மனம் தெளிவா இருக்கிறவை பாத்துச் சமைக்கிறது லேசு. சாப்பாட்டாலை சுகமா, சுகத்தாலை அந்தச் சாப்பாடா எண்டு அந்த வகை ஆய்வாலை பிரிக்க ஏலாது.

சுவாங்கின்ர கதையும் அதுதான். ரோய் சுவாங்க் எண்ட நரம்பியல் வைத்தியர் 1940களின்ர கடைசியில மொன்றியலில தொடங்கி, நிரம்பிய கொழுப்பைக் குறைச்ச சாப்பாட்டில 144 நோயாளரை 34 வருசம் பின்தொடர்ந்து 1990இல த லான்செட்டில எழுதினவர். கொழுப்பை இறுக்கிக் குறைச்சவைக்கு இயலாமை குறைவு, சாவும் குறைவு. அந்த உழைப்புக்கு நான் தலை வணங்கிறன். ஆனா ஒப்பிட இன்னொரு குழு அதில இல்லை. சாப்பாட்டைக் கடைப்பிடிக்க ஏலாமல் விட்டவை ஏற்கெனவே கூட வருத்தமா இருந்தவையா எண்டது தெரியாமலே நிக்குது.

ஒப்பிட்டுச் செய்தது ஒண்டு 2021இல வந்தது. அமெரிக்காவில அயோவாவில, சுவாங்க் சாப்பாட்டையும் வால்ஸ் சாப்பாட்டையும் எதிரெதிரா வைச்சுப் பார்த்தவை. வால்ஸ் முறையில தானியம், பருப்பு, பால் விலக்கி மரக்கறியையும் இறைச்சியையும் கூட்டுறது. இரண்டு குழுவுக்கும் களைப்புக் குறைஞ்சது. ஒண்டில தானியம் உண்டு, மற்றதில இல்லை. இரண்டிலயும் பொது என்னெண்டா, கடைத்தீன் குறைஞ்சு மரக்கறி கூடினது. பெரியம்மா சொல்லுற மாதிரிக் கோதுமைதான் குற்றவாளி எண்டு அந்த முடிவிலயிருந்து எடுக்க ஏலாது.

எந்தக் கட்டுரையைக் காட்டினாலும் நான் கேக்கிறது ஒண்டுதான்: ஆரோட ஒப்பிட்டவை? கழுத்து நாளத்தை விரிச்சா எம்.எஸ். மாறுமெண்டு 2009இல ஒரு அலை கிளம்பினது. நோயாளர் வீட்டை அடகு வைச்சுக்கூடப் போகத் துணியிற அளவுக்கு நம்பிக்கை. பிறகு பொய்ச் சிகிச்சையோட ஒப்பிட்டுப் பார்க்க, 2017இலயும் 2018இலயும் வந்த ஆய்வுகளில பயன் இல்லையெண்டு முடிஞ்சுது. சாப்பாட்டிலயும் அதே கேள்வியைக் கேக்க வேணும்.

கொக்குவில் தமக்கை:

விளங்குது. அப்ப தேங்காய்ப்பால்? எங்கட வீட்டில சொதி இல்லாமல் இடியப்பம் இல்லை. சுவாங்க் முறையெண்டா அது முழுக்க வெட்டுப்பட வேணுமே. லேகியத்தையும் சொல்லுங்கோ.

பனங்கூடல்:

தேங்காய்ப்பாலில நிரம்பிய கொழுப்புக் கனக்க இருக்கு, உண்மை. எம்.எஸ். உள்ளவைக்கு இருதய வருத்தமும் வந்தா நடை இன்னும் மோசமாகும், அதாலை குறைக்கிறதில நட்டமில்லை. மூண்டாம் பாலில சொதி வையுங்கோ, முதற்பாலை நல்லநாள் பெருநாளுக்கு வையுங்கோ. மற்றபடி எங்கட பழைய சாப்பாட்டில அவவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கு: சூடை மீன், முருங்கை இலை வறை, வல்லாரைச் சம்பல், குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி. எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டி, மெலிஞ்ச பிள்ளையை இன்னும் மெலிய விடாதேங்கோ. இரும்புச் சத்துக் குறைஞ்சாலும், பி12 குறைஞ்சாலும், தைரொயிட் பிழைச்சாலும் களைப்பு வரும். அதுகளைப் பரிசோதிச்சுப் பாக்காமல் எல்லாத்தையும் எம்.எஸ். தலையில போடக் கூடாது.

லேகியம்: போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. எம்.எஸ். எண்டுறது எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச வருத்தம் இல்லை, அது தன்ரை உடம்பின்ர மயலினையே தாக்கிறதாலை வாற வருத்தம். அவ எடுக்கிற மருந்தே அதை அடக்கத்தான். அதைத் தூண்டுறதெண்டு சொல்லி விக்கிறதை மேலால குடுக்கிறது எப்பிடிப் பொருந்தும்? எதிர்ப்புச் சக்தி கூட்டுமெண்டு எடுக்கிற சீந்தில் எண்ட மூலிகையாலை ஈரல் பாதிச்ச நோயாளரை கொரோனாக் காலத்தில இந்திய வைத்தியர்கள் பதிவு செய்திருக்கினம். எம்.எஸ். மருந்துகள் சிலதுக்கும் ஈரலைக் கவனிக்க வேணும். மாமியின்ரை மனம் நோகாமல் வாங்கி வையுங்கோ, குடுக்காதேங்கோ.

சுழிபுரம் மருமகள்:

இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். வெக்கைக் கதை வந்தபடியா எழுதிறன்.

எனக்குப் பிள்ளை பிறக்க முன்னமே எம்.எஸ். கர்ப்பத்தில நல்லா இருந்தனான். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வர, மாமி வேது வைச்சா. நொச்சி, ஆமணக்கு இலையெல்லாம் போட்டு அவிச்ச தண்ணி, ஆவி பறக்கப் பறக்க முதுகில ஊத்தினா. மறைப்புக்குள்ள காத்து இல்லை. இரண்டாவது செம்புக்குள்ள எனக்கு முன்னால இருந்த அண்டாவின்ர விளிம்பு தெரியாமல் போச்சு, பிறகு கால் இரண்டும் என்ரையில்லை எண்ட மாதிரி. மாமி பயந்து என்னைத் தாங்கிப் பிடிச்சு இருத்தினா. ஃபானைப் போட்டு, ஈரத்துணி வைச்சு, கொஞ்ச நேரத்தில எல்லாம் திரும்பி வந்தது. அதுக்குப் பிறகு மாமி தானே இளஞ்சூட்டுத் தண்ணி கலந்து தந்தா. பத்தியக்கறியும் சரக்கும் வழமைபோல நடந்தது. சூடு மட்டும்தான் மாறினது.

கலியாணம், பிள்ளை எண்டு தங்கச்சிக்கு இனி வரும். இதைத் தெரிஞ்சு வைச்சிருக்கட்டும்.

வாசிகசாலை:

நன்றி அக்கா. நீங்கள் சொன்னதோட சேர்த்து ஒண்டு. ஐரோப்பாவில 254 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல வந்தது. கர்ப்பத்தின்ர கடைசி மூண்டு மாதத்தில தாக்கம் நல்லாக் குறையுது, பிள்ளை பிறந்து முதல் மூண்டு மாதத்தில முந்தினதைவிடக் கூடுது. எண்டபடியா அந்த மாதங்களில உண்மையான தாக்கமும் வரலாம், வேதாலை வாற மங்கலும் வரலாம். குளிர்ந்தாப் பிறகும் நிக்குதா எண்டதைத்தான் பாக்க வேணும். பிள்ளை வேணுமெண்டு நினைக்கேக்கயே டொக்டரிட்டக் கதைக்க வேணும், சில மருந்துகளை முன்னமே மாத்த வேண்டியிருக்கும்.

வல்லைவெளி:

விற்றமின் டி பற்றி ஒருதரும் சொல்லயில்லை. வருசம் முழுக்க வெயில் எரிக்கிற ஊரில எங்களுக்கு அது குறையுமோ?

வாசிகசாலை:

குறையும், அண்ணை. வெயில் இருக்கு, ஆனா ரீச்சர்மார் காலமை முதல் மத்தியானம் வரை கூரைக்குக் கீழ. வெளியில குடை, சேலை, மேலங்கி. கறுத்த தோலுக்குக் கூட நேரமும் வேணும். இரத்தத்தில அளந்து பாத்து, குறைவெண்டா நிரப்பிறதில தகராறு இல்லை.

கூட எடுத்தா எம்.எஸ். அடங்குமா எண்ட கேள்விக்கு இரண்டு ஆய்வு இரண்டு பக்கம் நிக்குது. அமெரிக்காவில 2023இல வந்ததில, மருந்தோட சேர்த்து நாளுக்கு 5,000 அலகு குடுத்த குழுவுக்கும் 600 அலகு குடுத்த குழுவுக்கும் தாக்கத்தில வித்தியாசம் இல்லை. பிரான்சில 2025இல வந்தது வேற மாதிரி. வருத்தம் தொடங்கின கையோட, எம்.எஸ். மருந்து இன்னும் தொடங்காத ஆக்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கா 100,000 அலகு. இரண்டு வருசத்தில நோய் திரும்பத் தலைகாட்டினது அந்தக் குழுவில 60.3 வீதம், விற்றமின் இல்லாத போலி மருந்து எடுத்த குழுவில 74.1 வீதம். வித்தியாசம் கூடுதலா எம்.ஆர்.ஐ. படத்திலதான் தெரிஞ்சது. தங்கச்சி ஏற்கெனவே மருந்தில இருக்கிறா, அதாலை அவவின்ர நிலைக்கு அமெரிக்க ஆய்வுதான் கிட்ட. அந்தப் பெரிய அளவைப் பார்மசியில வாங்கித் தாங்களாப் போடக் கூடாது, கல்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

வீட்டில ஆரும் சுருட்டோ சிகரெட்டோ பத்தினா அதை நிப்பாட்டுறது இதைவிடப் பெரிய வேலை. எம்.எஸ். உள்ளவை நோய் வந்தாப் பிறகு புகைச்ச ஒவ்வொரு வருசமும், படிப்படியா மோசமாகிற அடுத்த கட்டத்துக்குப் போறதை விரைவாக்குதெண்டு 2015இல சுவீடன் ஆய்வு காட்டினது.

லண்டன் கரவெட்டியான்:

நீங்கள் கேட்ட அந்த ஒப்பீட்டுக் கேள்வியை யோசிச்சுப் பாத்தன். மனுசி சாப்பாட்டை மாத்தின காலத்திலதான் நடக்கவும் தொடங்கினவ, புது மருந்தும் அப்பதான். எது எதைச் செய்ததெண்டு எனக்குப் பிரிக்கத் தெரியாது. சாப்பாட்டை விடமாட்டம், அது எங்களுக்கு ஒரு பிடிமானம். ஆனா ஊரில ஒரு பிள்ளைக்கு இதைச் செய்யாட்டி வருத்தம் கூடும் எண்டு பயங்காட்ட மாட்டன்.

கொக்குவில் தமக்கை:

இப்ப தங்கச்சி பக்கத்தில இருந்து வாசிக்கிறா. அவ கேக்கிறது: பாடம் எடுக்கிற நேரத்தை என்ன செய்யலாம்? பின்நேரப் பாடவேளைகளில வகுப்பில நிண்டு கதைக்கவே ஏலாமல் போகுதாம். சும்மா அலுப்பு எண்டு மற்ற ரீச்சர்மார் நினைக்கினமாம். மற்றது, நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமா?

பனங்கூடல்:

ரீச்சருக்கு: களைப்பு இந்த வருத்தத்தின்ர குறி. வெளியில தெரியாது, அதாலதான் மற்றவைக்கு விளங்கிறதில்லை. கிளினிக்கில ஒரு கடிதம் எடுங்கோ. அதில வருத்தத்தின்ர பெயரோட, வெக்கையில பார்வையும் நடையும் பாதிக்கும் எண்டதையும் எழுதித் தரச் சொல்லுங்கோ. அதை வைச்சு அதிபரிட்ட மூண்டு விசயம் கேளுங்கோ: கடினமான பாடங்கள் இடைவேளைக்கு முன்னம், வகுப்பறை கீழ்மாடியில ஃபானோட, மத்தியானம் விளையாட்டுத்திடல் கடமை இல்லாமல். பாடத்தைக் கதிரையில இருந்து எடுக்கலாம். களைச்சு விழுந்தாப் பிறகு ஓய்வெடுக்கிறதைவிட, களைக்க முன்னமே பத்து நிமிசம் இருக்கப் பழகுங்கோ.

நல்லூருக்கு விடியக்காலைப் பூசைக்கோ, வெயில் தாழ்ந்தாப் பிறகோ போங்கோ. தேர் அண்டைக்குச் சனநெரிசலுக்குள்ள நிக்காமல், வெளிவீதியில நிழலுள்ள பக்கமாக் கதிரை போட்டு இருங்கோ. பிளாஸ்க், ஈரத் துவாய், கூட ஒரு ஆள்.

அடுத்த கிளினிக்கில ஒண்டை மறக்காமல் கேளுங்கோ: அக்குவபொரின்-4 எண்ட இரத்தப் பரிசோதனை செய்தாச்சா? கண்ணில தொடங்கிற இன்னொரு வருத்தம் எம்.எஸ். மாதிரியே தெரியும். ஆசிய நாடுகளில அது ஒப்பளவில கூட. எம்.எஸ். மருந்து சிலது அதை மோசமாக்கும். செய்திருப்பினம், இருந்தாலும் கேட்டு வைக்கிறது நல்லது. எம்.ஆர்.ஐ. சிடியையும் பழைய றிப்போட்டுகளையும் ஒரு ஃபைலில போட்டுக் கொண்டு போங்கோ.